புறம்போக்கிலிருந்து காடு வரை: ஐதராபாத் பல்கலைக்கழக நிலமும் வளாகச் சூழல் பேணலும் (1974–2025)

ஆய்வுச் சுருக்கம்

அரசுப் பல்கலைக்கழகங்களின் சூழல் பேணல் முயற்சிகள் பெரும்பாலும் மின்னாற்றல், கழிவு, நீர்ச் சேமிப்பு ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. வளாகம் அமைந்துள்ள நிலத்தின் வரலாறு அம்மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலி நிலத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை இக்கட்டுரை அந்நோக்கில் ஆராய்கிறது. கிண்டி வளாகம் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: வளாக நிலம், புறம்போக்கு, கஞ்ச கச்சிபௌலி, சூழல் தணிக்கை, வன வரையறை.

முன்னுரை

1990ஆம் ஆண்டு அக்டோபரில் பிரான்சு நாட்டின் தலுவார் நகரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி வெளியிட்ட அறிவிக்கையே, உயர்கல்வி நிறுவனங்கள் சூழல் பேணலைத் தம் கடமையாக ஏற்றுக்கொண்ட தொடக்கப் புள்ளியாகப் பெரும்பாலான நூல்களில் சுட்டப்படுகிறது. இந்திய வரலாறு சற்று வேறுபட்டது. இங்கு இம்முயற்சி நீதிமன்றத்தின் வழியாகப் பாடத்திட்டத்திற்குள் நுழைந்தது. எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும் வழியைத் திறந்தது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலை வகுப்புகள் அனைத்திற்கும் சுற்றுச்சூழல் கல்வித்தாளை வகுத்தது. நம்மில் பலரும் அத்தாளைப் படித்தவர்கள். சிலர் அதனை நடத்துபவர்கள்.

பாடம் வகுப்பறைக்குள் வந்தது. வகுப்பறை நிற்கும் நிலம் எங்கிருந்து வந்தது என்ற வினா அப்பாடத்தில் இல்லை. இவ்வினாவை எழுப்பும் தேவையை 2025ஆம் ஆண்டின் ஐதராபாத் நிகழ்வுகள் உண்டாக்கின. அவை குறித்து நாளிதழ்களில் நிறைய எழுதப்பட்டுள்ளன. ஆயினும் அவ்வெழுத்துகள் பெரும்பாலும் 2025 மார்ச்சில் தொடங்கி மே மாதத்தில் முடிந்துவிடுகின்றன. 1974லிருந்து தொடங்கினால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

பெயரும் வகைப்பாடும்

தெலுங்கில் ‘கஞ்ச’ என்பது உழவுக்கு உட்படாது மேய்ச்சலுக்கென விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும். ஐதராபாத்தைச் சுற்றியுள்ள ஊர்ப் பெயர்கள் பலவற்றில் இச்சொல் முன்னொட்டாக நிற்கிறது. கஞ்ச கச்சிபௌலி அவற்றுள் ஒன்று. அதன் 25ஆம் புல எண் வருவாய்ப் பதிவேட்டில் ‘கஞ்ச அஸ்தபல் புறம்போக்கு சர்க்காரி’ என்று பதியப்பட்டுள்ளதாகத் தெலங்கானா அரசு கூறியது. இத்தொடரில் உள்ள நான்கு சொற்களையும் பிரித்து நோக்குதல் தகும். கஞ்ச என்பது தெலுங்கு. அஸ்தபல் என்பது குதிரை லாயத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழிவந்தது. சர்க்காரி என்பது பாரசீகம். புறம்போக்கு நம் சொல். அரசுக்குரிய குதிரைகள் மேய்வதற்கு விடப்பட்ட, தீர்வை விதிக்கப்படாத நிலம் என இதற்குப் பொருள்கொள்ள இடமுண்டு.

சென்னை மாகாண ரயத்துவாரி நிருவாகத்தில் புறம்போக்கு என்பது தீர்வைக் கணக்கிற்குப் புறத்தே வைக்கப்பட்ட பொதுப் பயன்பாட்டு நிலத்தைச் சுட்டிய கலைச்சொல். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, மந்தைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் புறம்போக்கு எனப் பயன்பாடே அதன் உட்பிரிவுகளைத் தீர்மானித்தது. வரி தராத நிலம் என்பதிலிருந்து பயன் தராத நிலம் என்ற பொருளுக்கு இச்சொல் சரிந்ததும், பின்னர் மனிதரை இகழும் வசைச்சொல்லாகவே மாறியதும் தமிழ் வாசகர் அறிந்தவை. எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றி 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடி வெளியிட்ட பாடல் இச்சொல்லின் பழம்பொருளை மீட்க முனைந்தது. ஐதராபாத்தில் நிகழ்ந்ததும் அடிப்படையில் இச்சொற்பொருள் பற்றிய வழக்கே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ‘இது காடா, புறம்போக்கா’ என்று கேட்டவர்கள் அவ்விரண்டும் ஒன்றையொன்று விலக்குவன என்று எடுத்துக்கொண்டனர். வருவாய்த் துறையின் பெயர் நிலத்தின் வரி நிலையைச் சொல்லும். அதன்மேல் என்ன வளர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது.

பல்கலைக்கழகத்தின் தோற்றம்

1969ஆம் ஆண்டின் தெலங்கானா கிளர்ச்சியும் 1972–73இன் ஆந்திரத் தனிமாநிலக் கிளர்ச்சியும் ஓய்ந்த பின்னர், 1973 செப்டம்பர் 21 அன்று ஆறு அம்சத் திட்டம் உருவானது. ஐதராபாத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தை நிறுவுவது அதன் கூறுகளுள் ஒன்று. அரசமைப்பின் 32ஆம் திருத்தம் 371-உ என்னும் உறுப்பைச் சேர்த்து நாடாளுமன்றத்திற்கு இதற்கான அதிகாரத்தை அளித்தது. 1974 அக்டோபர் 2 அன்று பல்கலைக்கழகம் தோன்றியது. அரசியல் உடன்பாடொன்றின் பயனாகப் பிறந்து, அரசமைப்பிலேயே இடம்பெற்ற நிறுவனம் அது. தொடக்கத்தில் நகரின் நடுவே, சரோஜினி நாயுடு வாழ்ந்த ‘கோல்டன் த்ரெஷோல்டு’ இல்லத்தில் அது இயங்கியது.

நகரத்திற்கு மேற்கே, கச்சிபௌலியில் ஏறத்தாழ 2,300 ஏக்கர் நிலம் அதற்கென ஒதுக்கப்பட்டது. எழுபதுகளில் அது நகருக்கு வெகு தொலைவு. 250 கோடி ஆண்டுகள் பழமையுடைய கருங்கற்பாறைகள், முட்புதர்கள், மழைக்காலத்தில் நிரம்பும் குட்டைகள் ஆகியனவே அங்கிருந்தன. விலையற்ற நிலம் என்பதனாலேயே அவ்வளவு பெரிய பரப்பு தாராளமாகத் தரப்பட்டது. ஒதுக்கீடு நிகழ்ந்ததே தவிர, உரிமையை முறைப்படி மாற்றித் தரும் ஆவணம் பல்கலைக்கழகத்தின் பெயரில் எழுதப்படவில்லை என்பது மாநில அரசின் பிற்கால வாதம். நிலத்தின் மதிப்பு குறைவாக இருந்த காலத்தில் இதனை யாரும் பெரிதாகக் கருதியிருக்க மாட்டார்கள். இன்று உரிமையியல் வழக்கறிஞர்கள் தேடும் ஒற்றைத் தாள் அதுவே.

சுற்றுச்சுவர் எழுந்தபோது இரண்டு விளைவுகள் நேர்ந்தன. மேய்ச்சலும் விறகு வெட்டுதலும் குறைந்ததால், புதர்நிலம் படிப்படியாக அடர்ந்தது. மயில் ஏரி, எருமை ஏரி என மாணவர்கள் அழைத்த நீர்நிலைகளைச் சுற்றிப் புள்ளிமான்களும் முள்ளம்பன்றிகளும் உடும்புகளும் பெருகின. நட்சத்திர ஆமை இங்கு உண்டு. 200க்கும் மேற்பட்ட பறவையினங்களை மாணவர்களும் பறவை நோக்கர்களும் பதிவு செய்துள்ளனர். இவ்வளாகத்தில் கண்டறியப்பட்ட ஒரு சிலந்தியினம் நகரின் பெயராலேயே ‘முர்ரிசியா ஐதராபாதென்சிஸ்’ என்று வழங்கப்படுகிறது. இவை திட்டமிட்ட சூழல் கொள்கையால் விளைந்தவை எனக் கூற முடியாது. கட்டடம் எழுப்பப் பணம் இல்லாமையும், எதிர்கால விரிவாக்கத்திற்கென நிலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்ற நிருவாக எச்சரிக்கையுமே காட்டைக் காத்தன. ‘பேணல்’ என்னும் சொல்லை இவ்விடத்தில் நாம் சற்றுத் தயங்கியே பயன்படுத்த வேண்டும்.

மற்றொரு விளைவு பெரும்பாலும் எழுதப்படாதது. கஞ்ச என்ற பெயரே அங்கு ஆடுமாடுகள் மேய்ந்தன என்பதற்குச் சான்று. சுவர் அவற்றை வெளியேற்றியது, மேய்த்தவர்களையும் வெளியேற்றியது. இன்று அந்நிலத்தைக் காடு என்று உரிமையோடு அழைக்கும் நம் போன்ற பல்கலைக்கழகத்தார், அதனைக் கஞ்ச என்றழைத்தவர்களின் குரலைக் கேட்டதில்லை. 2025இன் போராட்ட எழுத்துகளில் மான் உண்டு, மயில் உண்டு. மேய்ப்பர் அநேகமாக இல்லை.

நிலம் விலைபெற்ற காலம்

1998 நவம்பரில் மாதாபூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டது. அதன்பின் ஐதராபாத்தின் மேற்குத் திசை முற்றிலும் மாறியது. 2002 டிசம்பரில் நடைபெற்ற தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கச்சிபௌலியில் விளையாட்டரங்கம் எழுந்தது. பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த பரப்பிலிருந்து பொது நோக்கங்களுக்காகத் துண்டு துண்டாக நிலம் பிரிந்தது. டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் ஐதராபாத் மையத்திற்கு ஏறத்தாழ 200 ஏக்கர் சென்றது. ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கினால் நியாயமான காரணம் உடையதே. மொத்தமாகக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை.

இப்பிரிவினைகளுள் பெரியது 400 ஏக்கர் தொடர்பானது. 2003இல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு ஐ.எம்.ஜி. அகாதெமீஸ் பாரதா என்னும் நிறுவனத்துடன் விளையாட்டு மேம்பாட்டிற்கான உடன்படிக்கை செய்து, 2004இல் இந்நிலத்தை வழங்கியது. இதனையொட்டிப் பல்கலைக்கழகம் 534 ஏக்கர் அளவிலான நிலத்தை அரசிடம் ஒப்படைத்ததாகவும், ஈடாகக் கோபன்பல்லியில் 397 ஏக்கர் அளவில் பெற்றுக்கொண்டதாகவும் மாநில அரசு எடுத்துரைக்கிறது. ஆட்சி மாறியபின் 2006இல் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது.

அவ்வழக்கு 18 ஆண்டுகள் நீடித்தது. இக்காலம் முழுவதும் அந்த 400 ஏக்கரில் எவரும் எதையும் கட்ட இயலவில்லை. எழுபதுகளில் வறுமை காத்த நிலத்தை, இரண்டாயிரங்களில் வழக்கு காத்தது. நகரத்தின் மிக விலையுயர்ந்த பகுதியில், கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே, அரசுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கின் நிழலில் மரங்கள் வளர்ந்தன. 2024 மார்ச்சில் தெலங்கானா உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. நிலம் தெலங்கானா தொழில் உள்கட்டமைப்புக் கழகத்தின் கைக்கு வந்தது.

2025: மார்ச் முதல் மே வரை

2025 மார்ச் 30 யுகாதித் திருநாள், ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் ரம்சான். இந்நீண்ட விடுமுறையில் காவல்துறைப் பாதுகாப்புடன் மண்வாரி இயந்திரங்கள் நுழைந்தன. எதிர்த்த மாணவர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டனர். நிலம் அரசுடையது, அதனை உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது, பல்கலைக்கழகத்தின் ஒரு சென்ட் நிலமும் எடுக்கப்படவில்லை, பாறை அமைப்புகள் பாதுகாக்கப்படும், முதலீடும் வேலைவாய்ப்பும் பெருகும் என்பன அரசுத் தரப்பின் வாதங்கள். பல்கலைக்கழகப் பதிவாளர் மார்ச் 31 அன்று வெளியிட்ட மறுப்பு கவனத்திற்குரியது. எல்லை வரையறுக்க 2024 ஜூலையில் கூட்டு நில அளவை நடந்ததாகக் கழகம் கூறியதை அம்மறுப்பு ஏற்கவில்லை. நடந்தது தொடக்கநிலைப் பார்வையிடல் மட்டுமே என்றும், எல்லை வரையறைக்குப் பல்கலைக்கழகம் இசையவில்லை என்றும் அது கூறியது. ஐம்பதாண்டுக்குப் பின்னும் வளாகத்தின் எல்லை எது என்பதில் இரு அரசு அமைப்புகளுக்கு இடையே உடன்பாடு இல்லை.

ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இதனை எடுத்துக்கொண்டது. தெலங்கானா உயர் நீதிமன்றப் பதிவாளர் அன்றே நிலத்தைப் பார்வையிட்டு, ஏறத்தாழ 100 ஏக்கர் அழிக்கப்பட்டுள்ளதாகவும் மயில்களும் மான்களும் காணப்பட்டதாகவும் அறிக்கை அளித்தார். மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. ஏப்ரல் 16 அன்று, அழிந்த பகுதியை மீட்பதற்கான திட்டத்தை நீதிமன்றம் கோரியது. மே 15 அன்று தலைமை நீதிபதி பி. ஆர். கவாய் தலைமையிலான அமர்வு, விடுமுறையைப் பயன்படுத்தி நிகழ்ந்த இச்செயல் முன்திட்டமிட்டதாகவே மேலோட்டமாகத் தோன்றுகிறது எனக் கருத்துரைத்தது.

இவ்விடத்தில் சட்ட நுணுக்கம் ஒன்று உள்ளது. உச்ச நீதிமன்றம் நிலம் யாருடையது என்ற வினாவுக்குள் புகவில்லை. டி. என். கோதவர்மன் வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று அந்நீதிமன்றமே வகுத்த நெறி, காடு என்பதை அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும், உடைமையாளர் யார் என்பது பொருட்டன்று என்பதாகும். 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு அவ்வரையறை சுருங்கியபோது, 2024 பிப்ரவரி 19 அன்று இடைக்கால ஆணை மூலம் நீதிமன்றம் பழைய பொருளை நிலைநிறுத்தியது. மாநிலங்கள் காட்டைப் போன்ற பரப்புகளைக் கண்டறிய வல்லுநர் குழு அமைக்க வேண்டும் என்ற கட்டளை 2025 மார்ச் 4 அன்று வந்தது. தெலங்கானா மார்ச் 15 அன்று குழுவை அமைத்தது. இரு வாரங்களில் இயந்திரங்கள் வந்துவிட்டன. அடையாளம் காணும் பணி தொடங்குமுன்னரே அழிக்க வேண்டிய அவசரம் என்ன என்பதே நீதிமன்றத்தின் கேள்வி. உரிமை வழக்கில் வென்ற அரசு, மரம் வெட்டும் உரிமையும் தானாகவே கிடைத்துவிட்டதாக எண்ணியது. 2002ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டம் அரசு நிலத்து மரங்களுக்கும் பொருந்தும் என்பதை அது கருதிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பல்கலைக்கழகத்தின் மீதும் குறை உண்டு. தன் வளாகத்தின் உயிரின வளத்தைப் பற்றி அதன் ஆசிரியரும் மாணவரும் எழுதியவை ஏராளம். அவை ஆய்விதழ்களில் தங்கின. நிலப் பதிவேட்டையோ வன அடையாளப் பட்டியலையோ நோக்கி அவற்றை நகர்த்தும் நிருவாக முயற்சி காலத்தில் நடைபெறவில்லை. ஐம்பதாண்டுகளில் அதற்கு வாய்ப்புகள் இருந்தன.

அளவுகோல்கள் எதை அளக்கின்றன?

தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவையின் ஏழாம் அளவுகோல் நிறுவன விழுமியங்களைப் பற்றியது. பசுமைத் தணிக்கை, ஆற்றல் தணிக்கை, கழிவு மேலாண்மை, மழைநீர்ச் சேகரிப்பு ஆகியவற்றிற்கு அதில் சான்றுகள் கேட்கப்படுகின்றன. 2019இன் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட ‘சதத்’ என்னும் வளாகச் சூழல் வழிகாட்டு வரைவும் ஏறத்தாழ இத்திசையிலேயே செல்கிறது. அவைக் குழுவின் வருகைக்கு முந்தைய வாரத்தில் நடப்படும் மரக்கன்றுகளின் எண்ணிக்கையை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010இல் தொடங்கிய ‘கிரீன்மெட்ரிக்’ தரவரிசை, திறந்தவெளியையும் மரப்போர்வையையும் கணக்கில் எடுக்கிறது. அதுவும் மொத்தப் பரப்பின் வீதமாகவே. 2,000 ஏக்கர் வளாகத்தில் 1,500 ஏக்கர் மரப்போர்வை என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம். வீதம் 75. அதிலிருந்து 400 ஏக்கர் காடு பிரிக்கப்பட்டால் எஞ்சுவது 1,600இல் 1,100. வீதம் 69க்குச் சற்றுக் குறைவு. காட்டின் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போன பின்னும் அட்டவணையில் ஆறு புள்ளிகள்தாம் சரிகின்றன, ஏனெனில் பகுதியும் சேர்ந்தே சுருங்குகிறது. இழந்த நிலம் இழந்த கணமே வளாகம் என்னும் வரையறையை விட்டு வெளியேறிவிடுவதால், எந்தத் தணிக்கையும் அதனைத் தேடாது.

கிண்டி: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் இதனோடு நேரடியாக ஒப்பிடத்தக்கது கிண்டி. இங்குத் திசை தலைகீழானது. 1910இல் 505 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டிருந்தது. ஐம்பதுகளின் இறுதியில் அதன் ஒரு பகுதி ஒன்றியக் கல்வி அமைச்சகத்துக்கு மாற்றப்பட்டு, மேற்கு செருமனியின் துணையோடு 1959இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தோன்றியது. நினைவிடங்களுக்கும் பிற கல்வி நிறுவனங்களுக்கும் மேலும் நிலம் சென்றது. எஞ்சிய ஏறத்தாழ 270 ஹெக்டேர் 1978இல் தேசியப் பூங்காவானது. ஐதராபாத்தில் புறம்போக்காகப் பதிவான நிலம் வளாகச் சுவருக்குள் காடாயிற்று. கிண்டியில் காடாகப் பதிவான நிலமே வளாகமாயிற்று. புள்ளிமானும் வெளிமானும் உலவும் தொழில்நுட்பக் கழக வளாகத்தைச் சூழல் பேணலின் முன்மாதிரியாகக் காட்டுவோர், அவ்விலங்குகள் அங்கு முன்பே குடியிருந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பகுதியில் அரசு ஆய்வு நிறுவனங்கள் எழுந்த வரலாறும் இத்துடன் வைத்து எண்ணத்தக்கது. அறிவு நிறுவனம் என்பதனாலேயே நிலத்தின்மேல் அதன் கால் மென்மையாக ஊன்றிவிடுவதில்லை.

வளாக வரலாற்றுக்கான சான்றுகள்

தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் நகருக்கு வெளியே, கரட்டு நிலங்களிலும் மேய்க்கால் நிலங்களிலும் ஏரிக் கரைகளிலும் அமைந்தவை. அவற்றின் நில வரலாற்றை எழுதத் தேவையான சான்றுகள் அரியன அல்ல. கிராம ‘அ’ பதிவேடு, நில அளவைப் புலப்படம், கையகப்படுத்தல் கோப்பு, ஒதுக்கீட்டு அரசாணை ஆகிய நான்கும் போதும். துணைவேந்தர்களின் பெயர்ப்பட்டியலோடு தொடங்கும் பொன்விழா மலர்களில் இவற்றுள் ஒன்றும் இடம்பெறுவதில்லை.

இக்கட்டுரையாளர் தாம் பயிலும் பல்கலைக்கழகத்தின் நில ஒதுக்கீட்டு ஆணையைக் காண விரும்பி நிருவாக அலுவலகத்தை அணுகியபோது, பசுமைத் தணிக்கை அறிக்கையின் மூன்று படிகள் உடனே கிடைத்தன. ஒதுக்கீட்டு ஆணை கிடைக்கவில்லை. பின்னர் வட்டாட்சியர் அலுவலகத்தில் பார்வையிட்ட பழைய ‘அ’ பதிவேட்டில், இன்று ஆய்வு மாணவர் விடுதி நிற்கும் புல எண்ணுக்கு எதிரே ‘மேய்க்கால் புறம்போக்கு’ என்றிருந்தது. விடுதிக்குப் பின்புறச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் உடைப்பு உண்டு. அதனை ஆண்டுதோறும் அடைக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து புல் வளரும்போது, பக்கத்து ஊர்க்காரர்கள் அவ்வழியே ஆடுகளை ஓட்டி வருகிறார்கள்.